கம்பெனி முதலாளியே நிறுவிக்கொள்ளும் வெப் ஆப்: பின்னால் எந்த ஸ்டாக் போடலாம்?

எஸ்டேட்பையன் · திங்கள் இரவு 9.42

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்களுக்காக ஒரு வெப் ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய கம்பெனியிலிருந்து காஸ்டிங்கோ ராடோ டிசி (டெலிவரி சலான்) போட்டு வரும். இங்கே லேத்தில் கடைந்தோ துளை போட்டோ, இன்னொரு டிசி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். வந்தது எத்தனை, போனது எத்தனை, ரிஜெக்ட் எத்தனை, இன்னும் நம்மிடம் பாக்கி எத்தனை. இந்த நாலும் எப்போது கேட்டாலும் சரியாக வர வேண்டும். இப்போதைக்குப் பல இடங்களில் நீள நோட்டு, சில இடங்களில் எக்செல்.

ஆபீஸில் ஒரு பிசி இருக்கும். கணக்கு எழுதும் டேலி அதில்தான் ஓடும். என் ஆப்பும் அதிலேயே உட்கார வேண்டும். ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசர் தன் போன் பிரவுசரில் திறந்து பதிவு போடுவார். எல்லாம் ஒரே வைஃபை. ஒரே நேரத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் வர மாட்டார்கள்.

ஓப்பன் சோர்ஸாக, இலவசமாக விடப் போகிறேன். அதனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நானே போய் நிறுவித் தர முடியாது. முதலாளியோ அவர் மச்சான் பையனோ இறக்கி, நாலு தடவை நெக்ஸ்ட் அழுத்தி ஓட வைத்துவிட வேண்டும்.

மாதிரிக்கு பைதான் மொழியின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் செய்து வைத்திருக்கிறேன். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ராத்திரி ரிப்போர்ட் மெயில் அனுப்ப செலரி (பின்னணி வேலைகளை ஓட்டுவது), அதற்கு வேலை வரிசையை வைத்துக்கொள்ள ரெடிஸ், முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். என் உபுண்டு லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. பிஹெச்பி காலேஜில் எழுதியது. கோ மொழி கொஞ்சம் பழகியிருக்கிறேன். முழுசாக எழுத உட்காருவதற்கு முன்னால் எந்த ஸ்டாக் (மொழி, டேட்டாபேஸ், சர்வர் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) என்று முடிவு செய்தாக வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

பாம்பாட்டி · திங்கள் இரவு 10.05

தெரிந்ததை விட்டுத் தெரியாததற்கு ஓடாதீர்கள். ஜாங்கோவில் லாகின், அட்மின் பக்கம், மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் வேலை) எல்லாம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோ மொழிக்குப் போனால் முதல் மாதம் முழுக்க இதையே திரும்பக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். டிசி பாக்கி கணக்குக்கு வரவே மாட்டீர்கள்.

பழைய பிஹெச்பி · திங்கள் இரவு 10.31

சுலபமாக நிறுவுவது என்றால் முதலில் பிஹெச்பியில் எழுதிய வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளைப் பாருங்கள். 2003-இல் வந்தது, இன்றைக்கும் ஐந்து நிமிட நிறுவல் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஜிப்பைப் பிரித்து சர்வரில் போடு, பிரவுசரில் முகவரியைத் திற, டேட்டாபேஸ் பெயரும் பாஸ்வேர்டும் கொடு, முடிந்தது. கம்ப்யூட்டர் படிக்காத லட்சக்கணக்கான பேர் இதைச் செய்திருக்கிறார்கள். வேறு எந்த மொழிக்கும் இந்தப் பெருமை கிடையாது.

காரணம் மொழியின் அழகு இல்லை (அது எனக்கும் தெரியும்). பிஹெச்பி ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை இடம்) என்பது வாடகை வீடு மாதிரி. அடுப்பு, தண்ணீர், கரண்ட் எல்லாம் ஏற்கெனவே இருக்கும், நாம் பாத்திரத்தோடு போனால் போதும். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஸ்கிரிப்ட் புதிதாக ஆரம்பித்து முடிந்துவிடுவதால் மெமரி கசிந்தாலும் யாருக்கும் தெரியாது. ஃபைலை மாற்றினால் அப்டேட் ஆகிவிட்டது, எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ரிச்சி தெரு · திங்கள் இரவு 11.10

நான் புரோகிராமர் இல்லை. எஸ்டேட்டிலும் பாடியிலும் பிசி, ரூட்டர், பிரிண்டர் சர்வீஸ் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி. மத்தியானம் கரண்ட் போய் வருகிறது. யூபிஎஸ் பேட்டரி ரொம்ப நாளைக்கு முன்னாலேயே செத்துப்போனது. பிசி தானாக ஆன் ஆகிறது. அதற்கப்புறம் உங்கள் ஆப் வேலை செய்ய எத்தனை சாமான் தானாக எழுந்து நிற்க வேண்டும்?

எஸ்டேட்பையன் · திங்கள் இரவு 11.18

ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், செலரி, என்ஜின்எக்ஸ். ஐந்து.

ரிச்சி தெரு · திங்கள் இரவு 11.20

அதில் ஒன்று எழவில்லை என்றால் முதலாளி யாருக்குப் போன் போடுவார்?

எனக்குத்தான் தம்பி. உங்களுக்கு இல்லை.

ஓஎம்ஆர் ஒட்டகம் · செவ்வாய் காலை 8.15

ஆப்பையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பெட்டியாகக் கட்டி ஓட்டத்தானே டாக்கர் இருக்கிறது? ஐந்து இல்லை, பத்து சாமான் இருந்தாலும் ஒரே கம்போஸ் ஃபைல், ஒரே கட்டளை. எது விழுந்தாலும் திரும்ப எழுப்புவதற்கு ஒரு வரி. என் மெஷினில் ஓடுகிறது, உன்னுடையதில் ஓடவில்லை என்கிற பேச்சே கிடையாது. டிஸ்கோர்ஸ் மாதிரி பெரிய ஃபோரம் மென்பொருளே டாக்கர் வழியாக நிறுவினால்தான் ஆதரவு தருவோம் என்று சொல்லிவிட்டது. ரூபி, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் மூன்றையும் ஒவ்வொருவர் சர்வரிலும் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான்.

ரிச்சி தெரு · செவ்வாய் காலை 8.50

அந்த பிசி விண்டோஸ் சார். டாக்கர் டெஸ்க்டாப் போட வேண்டும் என்றால் பயாஸில் (பிசி ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் ஆன் செய்ய வேண்டும், விண்டோஸுக்குள் லினக்ஸ் சப்சிஸ்டம் போட வேண்டும். ரேம் 4 ஜிபி, அதில் டேலி, குரோம், வாட்ஸ்அப் வெப், ஆன்டிவைரஸ். மச்சான் பையனுக்கு பயாஸ் எங்கே இருக்கிறது என்று நீங்கள் போனில் சொல்லிக் கொடுங்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

இன்னும் சில இடங்களில் விண்டோஸ் 7 ஓடுகிறது. 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் கைவிட்டாயிற்று. ஆனால் மெஷின் ஓடுகிற வரைக்கும் யாரும் மாற்ற மாட்டார்கள். ஆயுத பூஜை அன்றைக்குத்தான் அந்த பிசியைத் துடைப்பதே.

பிஹெச்பிக்காரருக்கும் ஒன்று. எஸ்டேட் பிசியில் ஷேர்டு ஹோஸ்டிங் கிடையாது. அபாச்சி வெப் சர்வரும் டேட்டாபேஸும் பிஹெச்பியும் சேர்ந்த எக்ஸாம்ப் போட வேண்டும். போட்டும் இருக்கிறேன். 80-ஆம் போர்ட்டை (வெப் சர்வரின் வழக்கமான வாசல் எண்) வேறு ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கும், அபாச்சி எழாது. கரண்ட் போனால் மைசீக்வல் டேபிள் அடிபடும். எக்ஸாம்பைத் தயாரிப்பவர்களே இது டெவலப்மென்ட்டுக்கு மட்டும், நிஜ உபயோகத்துக்கு இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

பழைய பிஹெச்பி · செவ்வாய் காலை 9.30

அது நியாயம். வாடகை வீட்டுக் கதை வீடு இருந்தால்தான். லோக்கல் பிசி என்றால் என் வாதம் பாதி விழுந்துவிடுகிறது.

வேளச்சேரிவாசி · செவ்வாய் காலை 10.02

நான் கேட்பது அடிப்படையான கேள்வி. எதற்கு நிறுவ வேண்டும்? ஒரு சர்வர் எடுத்து எல்லா யூனிட்டுக்கும் லாகின் கொடுத்துவிடுங்கள். ஸோஹோ இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு எக்ஸி ஃபைல் பற்றிப் பேசுகிறோம்.

எஸ்டேட்பையன் · செவ்வாய் மதியம் 1.20

நியாயமான கேள்விதான். மூன்று காரணம் சொல்கிறேன். முதலாவது, சர்வர் வாடகை மாதாமாதம் யார் கட்டுவது? இலவச ஆப்புக்கு நான் என் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்க முடியாது. நான் நிறுத்திவிட்டால் அத்தனை பேர் கணக்கும் அந்தரத்தில் நிற்கும். இரண்டாவது, டிசியில் எந்தப் பெரிய கம்பெனிக்கு எத்தனை பீஸ், என்ன ரேட் என்பது இருக்கிறது. பக்கத்து ஷெட்காரருக்கு அது தெரியக்கூடாது என்பதில் இவர்கள் ரொம்பக் கறார். என் சர்வரில் எல்லார் ரேட்டும் ஒன்றாக இருக்கிறது என்றால் தொடவே மாட்டார்கள். மூன்றாவது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். உங்கள் வேளச்சேரி பக்கமே கரண்டும் நெட்டும் இல்லாமல் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் மெஷினை ஓட்டிவிடலாம், ஆனால் நெட் இல்லை. லாரி வாசலில் நிற்கும்போது டிசி போட்டாக வேண்டும்.

வேளச்சேரிவாசி · செவ்வாய் மதியம் 1.41

மிக்ஜாமை எடுத்துவிட்டீர்கள். வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒற்றைக்கோப்பு · செவ்வாய் இரவு 9.15

ரிச்சி தெரு கேட்ட கேள்விதான் இந்த இழையின் சாரம். எந்த மொழி என்பது இரண்டாம்பட்சம். கரண்ட் வந்ததும் எத்தனை சாமான் எழ வேண்டும் என்று எண்ணுங்கள். அதை ஒன்றாகக் குறைக்க முடிந்தால் நிறுவல் தானாகச் சுலபமாகும்.

இந்த ஐந்தில் விண்டோஸில் என்னென்ன நிற்கும் என்று பாருங்கள். ரெடிஸுக்கு அதிகாரப்பூர்வமான விண்டோஸ் பதிப்பு கிடையாது. செலரி 4-ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸை ஆதரிப்பதில்லை. ராத்திரி ஒரே ஒரு மெயில் அனுப்ப இந்த இரண்டும் எதற்கு? ஆப்புக்குள்ளேயே ஒரு டைமர் போதும். ஆறு பேருக்கு என்ஜின்எக்ஸ் வேண்டாம். மிச்சம் இருப்பது போஸ்ட்கிரெஸ். நல்ல டேட்டாபேஸ்தான், நானும் வேலையில் அதுதான் உபயோகிக்கிறேன். ஆனால் ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போக டேட்டாவை எடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும், அல்லது அதற்கென்று இருக்கும் கருவியை ஓட்ட வேண்டும். முதலாளி அதைச் செய்ய மாட்டார்.

அந்த இடத்தில் எஸ்க்யூலைட் வையுங்கள். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் ஆரம்பித்தது. தனி சர்வரே இல்லை, ஆப்புக்குள்ளேயே ஒரு நூலகமாக உட்கார்ந்துகொள்ளும். டேட்டா முழுக்க ஒரே ஃபைல். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்குள் வரும் தளங்களுக்கு தாராளமாகப் போதும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். உங்கள் சூப்பர்வைசர் நாள் முழுக்கத் தட்டினாலும் அதில் ஒரு மூலைக்குக்கூட வர மாட்டார். 2050 வரை ஆதரவு தருவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எஸ்டேட்டில் உள்ள மெஷின்களைப் பார்த்தால் அதுவும் தேவைப்படும் போலிருக்கிறது.

மொழிக்கு என் ஓட்டு கோ. 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பிலிருந்து ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், படம் எல்லாவற்றையும் ஓடும் ஃபைலுக்குள்ளேயே (பைனரி) வைத்துக் கட்டிவிடலாம். உங்கள் உபுண்டு லேப்டாப்பிலிருந்தே விண்டோஸ் எக்ஸி வரும். சி கம்பைலர் வேண்டாத, முழுக்க கோ மொழியிலேயே உள்ள எஸ்க்யூலைட் நூலகமும் இருக்கிறது, அதனால் அந்தத் தலைவலியும் இல்லை. கோ மொழியில் எழுதிய கிட்டீயைப் பாருங்கள்: புரோகிராம்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இவ்வளவு பெரிய கிட் சர்வர், ஒரே ஃபைலை இறக்கி ஓட்டினால் பிரவுசரில் செட்டப் பக்கம் வந்து நிற்கிறது. நீங்கள் தேடும் அனுபவம் அதுதான்.

பாம்பாட்டி · செவ்வாய் இரவு 10.00

சாமானைக் குறைக்க வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் குறைக்க கோவுக்குப் போகத்தான் வேண்டுமா?

ஜாங்கோவை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் இடத்தில் எஸ்க்யூலைட். செட்டிங்ஸில் சில வரிதான் மாறும். ஜாங்கோவை ஓட்டும் கூனிகார்ன் சர்வர் விண்டோஸில் ஓடாது, அதற்குப் பதிலாக வெயிட்ரஸ் ஓடும். பைதானை முதலாளி தனியாக நிறுவ வேண்டியதில்லை. மற்ற ஆப்புக்குள் வைத்துக் கொடுப்பதற்கென்றே விண்டோஸுக்கு ஒரு சின்ன ஜிப் பைதான் தளத்திலேயே இருக்கிறது. இத்தனையையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, செட்டப் ஃபைல் உண்டாக்கும் இன்னோ செட்டப்பில் கட்டினால் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். உள்ளே ஆயிரம் ஃபைல் இருந்தால் முதலாளிக்கு என்ன? அவர் பார்ப்பது ஒரே ஒரு செட்டப் ஃபைல்.

ஒற்றைக்கோப்பு · செவ்வாய் இரவு 10.22

முதல் தடவை சரி. அப்டேட்?

ஆயிரம் ஃபைலில் பாதி மாறி, பாதி மாறாமல் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரே எக்ஸி என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேல் எழுத விண்டோஸ் விடாது, ஆனால் பெயரை மாற்ற விடும். பழையதைப் பெயர் மாற்றி, புதியதை அந்த இடத்தில் வைத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. பிடிக்கவில்லையா, பழையதை அதே இடத்தில் வை.

பாம்பாட்டி · செவ்வாய் இரவு 10.40

பதிப்புக்கு ஒரு ஃபோல்டர். புதியது முழுசாக இறங்கிய பிறகுதான் சர்வீஸ் அந்தப் பக்கம் திரும்பும். பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கும். இதுவும் அதே கணக்குதான்.

அப்புறம் விண்டோஸ் 7 பற்றி நீங்கள் வாய் திறக்கவில்லையே. கோ மொழியில் 1.20-தான் அதற்குக் கடைசி. 2023 ஆகஸ்டில் வந்த 1.21-க்கு விண்டோஸ் 10 வேண்டும்.

ஒற்றைக்கோப்பு · செவ்வாய் இரவு 10.47

பைதானுக்கு 3.8-தான் கடைசி. உங்களுக்கும் எனக்கும் ஒரே பள்ளம்.

ரிச்சி தெரு · புதன் காலை 7.35

விண்டோஸ் 7 வைத்திருப்பவருக்கு ஆப்பைத் தராதீர்கள். உங்களால் ஒருவர் புது பிசி வாங்கினால் எனக்கும் நல்லது. அல்லது செகண்ட் ஹேண்ட் மினி பிசி ஒன்றில் லினக்ஸ் போட்டு ரூட்டர் பக்கத்திலேயே வைத்துவிடலாம். அதை யாரும் ஷட்டவுன் செய்ய மாட்டார்கள். ஆபீஸ் பிசியில் இருக்கும் பெரிய பிரச்சினையே அதுதான். அக்கவுண்டன்ட் அம்மா ஆறு மணிக்கு ஷட்டவுன் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், செகண்ட் ஷிஃப்ட்டில் சூப்பர்வைசருக்குப் பக்கம் திறக்காது. ஷட்டவுன் போடாவிட்டாலும் ஸ்லீப்புக்குப் போகும். இதற்கெல்லாம் ஸ்டாக்கில் மருந்து இல்லை.

நான் பார்க்கும் மற்றவை. ஃபயர்வால்: நிறுவும்போதே அந்த போர்ட்டைத் திறந்துவிடுங்கள். வைஃபையை பப்ளிக் நெட்வொர்க் என்று விண்டோஸ் நினைத்துக்கொண்டிருக்கும், பிசியில் திறக்கும், போனில் திறக்காது. ஐபி: ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் பிசியின் முகவரி மாறும். ரூட்டரில் அந்த பிசிக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லி செட்டப் கடைசிப் பக்கத்திலேயே படத்தோடு போடுங்கள். முகவரியை க்யூஆர் கோடாகவும் அதே பக்கத்தில் காட்டுங்கள். பிரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள்.

சர்வீஸாகப் போடுங்கள். ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் ஷார்ட்கட் வைத்தால் யாராவது லாகின் செய்யும் வரை எழாது.

எஸ்டேட்பையன் · புதன் காலை 8.10

அண்ணா, இதெல்லாம் எந்த டாக்குமென்டேஷனிலும் இல்லை. க்யூஆர் கோடு யோசனை அருமை.

அதே க்யூஆரை வைத்து ஒரு கேள்வி. டிசியில் ஒரு கோடு அச்சடித்து, ஷாப் ஃப்ளோரில் போன் கேமராவில் ஸ்கேன் செய்து பாக்கி காட்ட வேண்டும் என்று ஆசை. லேப்டாப்பில் ஓடுகிறது, போனில் கேமராவே திறக்க மாட்டேன் என்கிறது.

ஓஎம்ஆர் ஒட்டகம் · புதன் காலை 9.05

ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாத பக்கத்துக்கு பிரவுசர் கேமராவைத் தராது. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (ஆப் ஓடும் அதே மெஷினுக்கு) மட்டும் விதிவிலக்கு, அதனால்தான் லேப்டாப்பில் ஓடுகிறது. லேன் ஐபியில் சாதா ஹெச்டிடிபி என்றால் மறுத்துவிடும். இதற்கு எந்த மொழியும் உதவாது. கேடி என்ற வெப் சர்வரை முன்னால் வைத்தால் அது லோக்கலாகவே சான்றிதழ் உண்டாக்கிக் கொடுக்கும், ஆனால் அந்த ரூட் சான்றிதழை ஒவ்வொரு போனிலும் நிறுவ வேண்டும். அதற்கு டாக்கரே பரவாயில்லை என்பார் நம் ரிச்சி தெரு.

சுற்றுவழி இருக்கிறது. ஃபைல் தேர்வு செய்யும் பட்டனில் கேமராவை நேரடியாகத் திறக்கும்படி எழுதினால், போன் ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்கும். அதற்கு ஹெச்டிடிபிஎஸ் கேட்காது. போட்டோவிலிருந்து கோடைப் படித்துக்கொள்ளலாம். லைவ் ஸ்கேன் மாதிரி வேகமாக இருக்காது, ஆனால் நிறுவ எதுவும் இல்லை.

ரிச்சி தெரு · புதன் காலை 9.20

யூஎஸ்பி பார்கோடு ஸ்கேனர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். பிசிக்கு அது இன்னொரு கீபோர்டுதான். ஸ்டோர்ஸ் மேஜையில் வைத்தால் போதும். கிரீஸ் கையோடு யார் போனை எடுப்பார்கள்?

கணக்குப்பிள்ளை · புதன் இரவு 8.30

புரோகிராமிங் தெரியாது, ஆனால் இந்த யூனிட்களுக்குத்தான் கணக்கு எழுதுகிறேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி சட்டம் 143-ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும். மெஷினரி மாதிரி கேபிடல் கூட்ஸ் என்றால் மூன்று வருஷம். திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு. அதனால் பெரிய கம்பெனிக்காரர் போன வருஷ டிசியைக் கேட்டு வருவார். ஆப் இந்த மாதம் ஓடுவது பெரிதில்லை, அடுத்த வருஷம் பழைய டிசி கிடைக்க வேண்டும்.

டேலியில் சாயங்காலம் பென் டிரைவில் பேக்கப் எடுத்துப் பூஜை அறை அலமாரியில் வைக்கும் பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது. உங்கள் ஆப்பிலும் அதே மாதிரி ஒரு பட்டன் வேண்டும். பென் டிரைவைச் சொருகு, அழுத்து, முடிந்தது என்று சொல்லு. அதைத் திரும்ப ஏற்றவும் இன்னொரு பட்டன்.

ஒற்றைக்கோப்பு · புதன் இரவு 9.02

இதற்காகவே எஸ்க்யூலைட்டைக் கும்பிடலாம். ஆனால் ஒரே ஃபைல்தானே என்று அப்படியே காப்பி எடுக்காதீர்கள். வேகத்துக்காகவும், ஒருவர் எழுதும்போது மற்றவர் படிப்பதற்காகவும் வால் (WAL) முறையை, அதாவது பதிவை முதலில் தனி லாக்கில் எழுதும் முறையை, ஆன் செய்வோம். அப்போது பக்கத்திலேயே வால் என்று முடியும் இன்னொரு ஃபைல் உண்டாகும். கடைசியாகப் போட்ட பதிவுகள் அதில்தான் இருக்கும். பெரிய ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் மத்தியான டிசி எல்லாம் காணாமல் போயிருக்கும். ஏற்றிப் பார்க்கும்போதுதான் தெரியும். 2019-இல் வந்த 3.27 பதிப்பிலிருந்து வேக்கூம் இன்டு என்று ஒரே கட்டளை இருக்கிறது. ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான, சுத்தமான ஒரு நகலை எழுதிக் கொடுக்கும். பட்டனுக்குப் பின்னால் அதை வையுங்கள்.

கரண்ட் விஷயமும் இதோடுதான். பதிவு டிஸ்கில் சேரும் வரை காத்திருப்பதா என்று தீர்மானிக்கும் சிங்க்ரனஸ் என்ற அமைப்பை வேகத்துக்காக நார்மலில் வைக்கச் சொல்லி நிறைய பேர் எழுதியிருப்பார்கள். வால் முறையில் அப்படி வைத்தால் ஃபைல் கெடாது, ஆனால் கரண்ட் போன நொடியில் போட்ட பதிவு போய்விடலாம். ஆறு பேருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஃபுல்லில் விடுங்கள். ஃபாரின் கீயை (ஒரு டேபிளின் பதிவு இன்னொன்றோடு பொருந்த வேண்டும் என்ற விதி) எஸ்க்யூலைட் தானாகப் பார்க்காது, ஒவ்வொரு இணைப்பிலும் ஆன் செய்ய வேண்டும். ஜாங்கோ அதைச் செய்துவிடும், கோ மொழியில் நாமே எழுத வேண்டும். (பாம்பாட்டிக்கு ஒரு பாயிண்ட்.)

ஃபைல் இருக்கும் இடமும் முக்கியம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத விண்டோஸ் விடாது, டெஸ்க்டாப்பில் வைத்தால் ஒன்டிரைவ் இழுத்துக்கொண்டு போகும். புரோகிராம்டேட்டாவில் வையுங்கள். யாராவது புத்திசாலித்தனமாக ஷேர்டு ஃபோல்டரில் வைத்து இரண்டு பிசியிலிருந்து திறக்கப் பார்ப்பார்கள். நெட்வொர்க் டிரைவில் வால் முறை வேலையே செய்யாது. ஆப்பே கண்டுபிடித்து மறுத்துவிட வேண்டும்.

பழைய பிஹெச்பி · புதன் இரவு 9.40

தமிழில் பார்ட்டி பெயர், பொருள் பெயர் எல்லாம் இருக்குமா? அப்படியென்றால் இரண்டு இடத்தில் அடி வாங்குவீர்கள். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது பிடிஎஃப். கோ மொழியிலும் பிஹெச்பியிலும் இருக்கும் சின்ன பிடிஎஃப் நூலகங்கள் பலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோர்க்கத் தெரியாது. 'கொ' என்று போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். டிசி மேல் கம்பெனி பெயரே கோணலாக வந்தால் முதலாளி அன்றைக்கே அன்இன்ஸ்டால் செய்வார். பிடிஎஃப் நூலகமே வேண்டாம். டிசியை ஒரு ஹெச்டிஎம்எல் பக்கமாக எழுதி, பிரவுசரிலேயே பிரிண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். குரோமுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நிறுவுவதற்கும் ஒரு சாமான் குறைகிறது.

இரண்டாவது தேடல். எஸ்க்யூலைட்டின் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5 முழுப் பெயரையும் எழுத்தும் எண்ணுமாகப் பார்த்து வெட்டும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் எழுத்து இல்லை, குறி வகை. அதனால் ஒவ்வொரு குறியிலும் சொல்லை உடைத்துவிடும். டோக்கனைசரில் (சொல்லாக வெட்டும் பகுதி) குறி வகைகளையும் சேர்க்கச் சொல்லி ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள். அப்புறம் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கோபால் இண்டஸ்ட்ரீஸ் இரண்டு பார்ட்டியாக நிற்பார், பாக்கி ஒருவரிடமும் பொருந்தாது.

எஸ்டேட்பையன் · வியாழன் காலை 7.50

படித்ததும் தூக்கம் போனது. பிடிஎஃப் நூலகத்தை நேற்றே தூக்கிவிட்டேன். பிரவுசர் பிரிண்ட்டில் டிசி அழகாக வருகிறது.

ஆன்டிவைரஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பாம்பாட்டி · வியாழன் காலை 8.30

அது ஊமைக்காயம். பைதான் ஆப்பை பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் ஒரே எக்ஸியாகக் கட்டினால் வைரஸ் என்று பிடிப்பது ரொம்ப சகஜம். ஓடும்போது தன்னைத் தானே ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்துக்கொள்வதால் சந்தேகப்படுகிறது. அதனால்தான் ஃபோல்டர் வழியைச் சொன்னேன். கோ எக்ஸிகளையும் பிடிப்பது உண்டு, ஒற்றைக்கோப்பு சிரிக்க வேண்டாம். விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் வேறு, டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எக்ஸியைப் பார்த்தால் நீலத் திரை போட்டு மிரட்டும். சான்றிதழ் வாங்கலாம், ஆனால் 2023 ஜூனிலிருந்து அதன் சாவி டோக்கன் மாதிரி பாதுகாப்பான ஹார்டுவேருக்குள்தான் இருக்க வேண்டும் என்று விதி. இலவச ஆப்புக்கு அந்தச் செலவு கொஞ்சம் அதிகம். நிறுவும் பக்கத்தில் எந்த எழுத்தை அழுத்தினால் தாண்டலாம் என்று படத்தோடு போடுங்கள். ஃபைலின் ஹேஷையும் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) பக்கத்திலேயே கொடுங்கள்.

எஸ்டேட்பையன் · வியாழன் இரவு 9.10

சரி, இப்போதைக்கு இப்படிப் போகிறேன். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், செலரி, என்ஜின்எக்ஸ் நாலும் போயாயிற்று. எஸ்க்யூலைட், வால் முறை, ஃபுல் சிங்க்ரனஸ். ராத்திரி மெயிலுக்கு ஆப்புக்குள்ளேயே ஒரு த்ரெட். ஜாங்கோவும் வெயிட்ரஸும், உள்ளேயே பைதான், இன்னோ செட்டப், விண்டோஸ் சர்வீஸ். கோவுக்குப் போகவில்லை. மைக்ரேஷனும் அட்மினும் எனக்கு இப்போது விட மனசில்லை. விண்டோஸ் 10-க்குக் கீழே நிறுவவே விடாது.

ஒற்றைக்கோப்பு · வியாழன் இரவு 9.25

நல்ல முடிவு. மூன்றாவது அப்டேட் போட்டதும் வந்து சொல்லுங்கள், அப்போது கோவைப் பற்றித் திரும்பப் பேசுவோம்.

பாம்பாட்டி · வியாழன் இரவு 9.26

பேச மாட்டோம்.

கணக்குப்பிள்ளை · வியாழன் இரவு 9.50

பேக்கப் பட்டன் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். மெனுவுக்குள் ஒளித்து வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். கடைசியாக எடுத்த தேதியையும் பக்கத்தில் காட்டுங்கள், மூன்று நாள் தாண்டினால் சிவப்பில்.

ரிச்சி தெரு · வியாழன் இரவு 10.15

செட்டப் ஃபைல் தயாரானதும் அனுப்புங்கள் தம்பி. நம்ம கஸ்டமர் ஒருவரிடம் 4 ஜிபி ரேம், சாதா ஹார்டு டிஸ்க் பிசி ஒன்று இருக்கிறது. டேலியும் குரோமும் திறந்து வைத்துவிட்டு நிறுவிப் பார்க்கிறேன். நடுவில் ஸ்விட்ச் போர்டையும் அணைத்துப் பார்க்கிறேன். எழுந்தால் அவருக்கே போட்டுக் கொடுத்துவிடுவேன். போர்ட் 80 மட்டும் வேண்டாம், 8000-க்கு மேலே ஏதாவது வையுங்கள்.